மோலிகுலார் பயாலஜி படித்தால் கேன்சர் நோயாளிக்கு என்ன பிரயோஜனம்?

"மகளுக்கு எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மேல்நிலைத் தேர்வு) முடித்த கையோடு கோலாலம்பூரில் மூலக்கூறு உயிரியல் கிடைத்திருக்கிறது. கேன்சருக்கான கதிர்வீச்சையும் இம்யூனோதெரபியையும் மேம்படுத்தும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். சொந்தபந்தம் எல்லாம் 'டாக்டருக்குப் படிக்க முடியாமல் கண்ணாடிக் குழாய் கழுவப் போகிறாளா' என்று கேட்கிறது. அந்த லேபில் அப்படி என்னதான் செய்வார்கள்?" இதுதான் கேள்வி.

குழாயும் கழுவுவாள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. சரியாக அலசாத குழாயில் மிஞ்சிய சோப்பே செல்லைக் கொல்லும். அந்தச் சாவு கதிர்வீச்சின் கணக்கில் ஏறிவிடும். ஆனால் உங்கள் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் வேறு. எவ்வளவு கதிர் கொடுப்பது, எத்தனை தடவையாகப் பிரிப்பது, இம்யூனோதெரபி மருந்தைக் கதிருக்கு முன்னால் ஏற்றுவதா, கூடவேவா, முடிந்த பிறகா? இன்றைக்குப் பெரிய டாக்டர்களே முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். இதற்கான விடையைச் செல்லுக்குள்ளே போய்த்தான் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் நோயாளிகள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். நுரையீரல் கேன்சர் மூன்றாம் கட்டத்தில், கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்து முடித்து, 42 நாளுக்குள் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தொடங்கி ஒரு வருடம் வரை ஏற்றியது பசிபிக் ஆய்வு. 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 42.9 சதவீதம், மருந்து இல்லாத பக்கம் 33.4. அட, பிறகு கொடுத்தே இவ்வளவு என்றால் கூடவே கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று பசிபிக்-2 நடத்தினார்கள். பலன் இல்லை. தலை, கழுத்துக் கேன்சரில் அதே வகை மருந்தான அவெலுமாபைக் கூடவே கொடுத்த ஜாவலின் ஆய்வும் தோற்றது, பெம்ப்ரோலிசுமாப் கொடுத்த கீநோட்-412ம் தேறவில்லை. ஆனால் அதே பெம்ப்ரோலிசுமாபை அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு தவணை ஏற்றிவிட்டு, பிறகு கதிர்வீச்சோடும் தொடர்ந்த கீநோட்-689 வென்றது. மருந்து ஒன்றுதான், கொடுத்த வேளைதான் வேறு.

ஏன் இப்படி? இப்போது பலர் ஏற்கும் விளக்கம் இது. தலை, கழுத்துக் கேன்சரை அடையாளம் கண்டு கொல்லும் டி செல்கள் பயிற்சி பெறுவது கழுத்து நிணநீர் முடிச்சுகளில். கதிர்வீச்சு ஆறேழு வாரம் அந்த முடிச்சுகளையும் சேர்த்தே அடிக்கிறது. டி செல்லும் சேர்ந்த லிம்போசைட் என்ற வெள்ளை அணு மாதிரி கதிருக்குச் சட்டென்று சாகும் செல் உடம்பில் குறைவு. ஏறத்தாழ 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) பட்டாலே பாதி போய்விடும். இம்யூனோதெரபி மருந்து டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்து. வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன செய்வது?

உடனே ஒருவர் வந்து, "மூக்குத்தொண்டைக் கேன்சரில் சின்டிலிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கூடவே கொடுத்தும் பலன் வந்ததே" என்பார். வந்தது. கான்டினியூம் ஆய்வு, 2024. ஆனால் அங்கே மருந்து கதிருக்கு முன்பே, முதல் கீமோவோடு தொடங்கியது. அதோடு அந்தக் கேன்சர் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு வருவது, உள்ளே லிம்போசைட் நிரம்பிக் கிடப்பது. நம் மலேசியாவில் சீனர்களிடமும் சரவாக் பிடாயு மக்களிடமும் அதிகம் காண்பது அது. நம் இந்தியர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காண்பது வாய்ப் புற்று. வெற்றிலை பாக்குப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். அதன் உயிரியலே வேறு. இரண்டுக்கும் ஒரே அட்டவணை போட முடியாது என்பதற்காகத்தான் இங்கேயே ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம். மலேசிய வாய்ப் புற்று நோயாளிகளிடம் எடுத்த திசுவிலிருந்தே ஓஆர்எல்-48, ஓஆர்எல்-115 போன்ற செல் வரிசைகளை (லேபில் தொடர்ந்து வளர்க்கக்கூடிய செல்களை) உருவாக்கி வைத்திருக்கிறார்கள், இந்நாளில் கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று அழைக்கப்படும் சுபாங் ஜெயா நிறுவனத்தார்.

இனி லேப். ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துச் சொல்கிறேன், மற்றதெல்லாம் ஏறக்குறைய இதே சாயல்தான்.

கதிர் பட்டு உடைந்த டிஎன்ஏ துண்டு, செல்லின் உட்கருவை விட்டு வெளியே சைட்டோபிளாசத்துக்கு வந்துவிட்டால், சிகாஸ் என்ற புரதம் அதைப் பிடித்து ஸ்டிங் என்ற புரதத்துக்குத் தகவல் சொல்லும். முடிவில் இன்டர்ஃபெரான் பீட்டா சுரக்கும். வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்துச் செல் போடும் கூச்சல் அது. டி செல்களைக் கூப்பிடுவது அந்தக் கூச்சல்தான். அப்படியானால் கதிரைக் கூட்டினால் கூச்சலும் கூட வேண்டும் அல்லவா? கூடவில்லை. நியூயார்க்கில் சில்வியா டெமாரியா குழு 2017-இல் காட்டியது: ஒரே அடியாக ஏறத்தாழ 12 முதல் 18 கிரேக்கு மேல் போனால் (செல்லுக்குச் செல் மாறும்) ட்ரெக்ஸ்1 என்ற நொதி பெருகி, வெளியே வந்த டிஎன்ஏவை அரைத்துத் தின்றுவிடுகிறது. 8 கிரே வீதம் மூன்று தடவை கொடுத்தால் இன்டர்ஃபெரான் வருகிறது, 20 கிரே ஒரே தடவை கொடுத்தால் வருவதில்லை. ஆமாம், அது எலிதான். "மனுஷனுக்கு எப்போ" என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ள பத்திகளே பதில்.

இதை வாய்ப் புற்றுச் செல்லில் செய்து பார்க்கச் சொன்னால் புது மாணவி எங்கெல்லாம் வழுக்குவாள்?

கதிர் கொடுக்கும் இடத்திலேயே முதல் வழுக்கல். எல்லா லேபிலும் தனிக் கருவி இருக்காது. நோயாளிகள் வேளை முடிந்த பிறகு மருத்துவமனை லினாக்கில் (கதிர் கொடுக்கும் இயந்திரத்தில்) இடம் கேட்டு நிற்க வேண்டும். 6 மெகாவோல்ட் கதிரின் முழு டோஸ் மேற்பரப்பில் விழாது, சுமார் 1.5 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் விழும். செல்லோ தட்டின் அடியில் முடியைவிட மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கிறது. மேலே ஊடகம், அதாவது செல் வளரும் திரவம், அதற்கு மேலே காற்று. அப்படியே மேலிருந்து அடித்தால் 8 கிரே என்று நோட்டில் எழுதலாம், செல்லுக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குச் சமமான பலகை 1.5 சென்டிமீட்டருக்குத் தட்டுக்கு அடியில் வைத்து, இயந்திரத் தலையைக் கீழே திருப்பி அடியிலிருந்து கொடுப்பார்கள். தட்டுக்கு மேலும் சுற்றிலும் பலகை வேண்டும், சிதறி வரும் கதிருக்காக. மருத்துவ இயற்பியலாளரைக் கூட வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது கதிர் அளக்கும் ஃபிலிம் வைத்து அளந்திருக்க வேண்டும். சீசியம்-137 கருவி உள்ள இடமென்றால் வேறு தொல்லை: அது வருடத்துக்கு 2.3 சதவீதம் வலு குறையும். போன மாணவர் சுவரில் ஒட்டிவிட்டுப் போன நேர அட்டவணையை நம்பக்கூடாது.

அடுத்தது பயணம். லேபிலிருந்து லினாக்குக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் மாட்டினால், கார்பன் டைஆக்சைடு போய் ஊடகம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருக்கும், செல்லும் குளிர்ந்திருக்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கதிர் படாத கட்டுப்பாட்டுத் தட்டும் அதே காரில், அதே பெட்டியில் போய், அதே அறை வாசலில் காத்திருந்து திரும்ப வேண்டும். அதை இன்குபேட்டரில் (செல் வளர்க்கும் சூடான பெட்டியில்) விட்டுவிட்டுப் போனால் நீங்கள் அளப்பது கதிரின் விளைவா, கார் பயணத்தின் விளைவா?

ஒரு குழுவுக்கு மூன்று நாள் 8, 8, 8 கிரே. ஒற்றை 20 கிரே குழுவுக்கு மூன்றாம் நாளன்று கொடுத்தால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் அறுவடை செய்ய முடியும். கடைசிக் கதிருக்கு 24 மணி நேரம் கழித்து எடுப்பது வழக்கம். ஆனால் ஒற்றைக் கதிர் கொடுத்து 24 மணியில் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதுபவர்கள் நிறைய. டிஎன்ஏ வெளியே கசிவதற்குச் செல் உடைந்த குரோமோசோமோடு ஒரு தடவையாவது பிரிந்து, நுண்கரு (உட்கருவுக்கு வெளியே சிக்கிய குரோமோசோம் துண்டின் சிறு பொட்டலம்) உருவாகி, அதன் சவ்வு கிழிய வேண்டும். பல செல்களில் சமிக்ஞை மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் ஏறும். 1, 3, 6 என்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்டர்ஃபெரான் பீட்டாவைக் கியூபிசிஆரில் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கி அளக்கும் முறையில்) அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த மரபணுவில் இன்ட்ரான், அதாவது ஆர்என்ஏவில் வெட்டி எறியப்படும் இடைத்துண்டு, கிடையாது. ஆகவே ஆர்என்ஏ மாதிரியில் துளி மரபணு டிஎன்ஏ கலந்தாலும் அதே நீளத் துண்டு பெருகி வரும், இன்டர்ஃபெரான் பொங்கியது போலத் தெரியும். டிஎன்ஏவைத் தின்னும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டாக வேண்டும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத குழாய் ஒன்று ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட வேண்டும். இதைச் செலவு மிச்சம் என்று விட்டவர்களின் வரைபடங்கள்தான் பார்க்க மிக அழகாக இருக்கும்!

அதைவிட மோசம் மைக்கோபிளாஸ்மா, செல் தட்டில் புகுந்துகொள்ளும் மிகச் சிறிய பாக்டீரியா. மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, ஊடகமும் கலங்காது. அதன் டிஎன்ஏவே சிகாஸைத் தட்டி எழுப்பிவிடும். கதிர் படாத தட்டிலும் இன்டர்ஃபெரான் வரும். மாதம் ஒரு முறை பிசிஆர் சோதனை, வந்துவிட்டால் அந்தச் செல்லைக் கொட்டிவிட்டு உறைவித்த பழைய குப்பியிலிருந்து மறுபடி தொடங்குவது, வேறு வழியில்லை. இன்னொன்று, ஒழுங்காக வளர்கிறது என்பதற்காக லேபில் பரவலாக வளர்க்கும் எச்இகே 293டி செல்லில் இதைச் செய்யக்கூடாது. அதில் சிகாஸே இல்லை.

செல் செத்ததா என்று பார்ப்பதற்கும் ஒரு வார்த்தை. மருந்து ஆராய்ச்சிக்காரர்கள் 72 மணியில் எம்டிடி (உயிருள்ள செல் நிறம் மாற்றும் சோதனை) போட்டு முடித்துவிடுவார்கள். கதிருக்கு அது ஒத்துவராது. அடிபட்ட செல் இரண்டு மூன்று தடவை பிரிந்த பிறகும் சாகும். காலனி சோதனைதான் இதற்கு. கதிர் இல்லாத தட்டில் 200 செல் என்றால் 6 கிரே தட்டில் சில ஆயிரம் தூவி, 10 முதல் 14 நாள் அசைக்காமல் வைத்து, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்றி, 50 செல்லுக்குக் குறையாத கூட்டத்தை மட்டும் ஒன்று என்று எண்ண வேண்டும். ஒட்டிய செல்லைப் பிரிக்கும் டிரிப்சின் நொதி சரியாகப் பிரிக்காமல் மூன்று செல் ஒட்டிக்கொண்டு விழுந்தால், மூன்றில் ஒன்று பிழைத்தாலும் காலனி எழும். கேன்சர் கதிருக்கு அசையவில்லை என்று தப்பாக எழுதுவீர்கள். எண்ணுபவருக்கு எது எந்தத் தட்டு என்று தெரியக்கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று திட்டினாலும் பரவாயில்லை. முள் சீத்தா இலை, அதாவது டுரியான் பெலண்டா, கேன்சரைக் கொல்கிறது, லேபிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அந்த "நிரூபணம்" பெரும்பாலும் இந்த 72 மணித் தட்டுச் சோதனைதான். தட்டில் குளோராக்ஸ் ஊற்றினாலும் செல் சாகும். மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாட்டி வைத்தியத்தின் எதிரி என்று முத்திரை குத்த வேண்டாம். கதிர்வீச்சுக்கு நடுவில் அதைக் காய்ச்சிக் குடித்துவிட்டு 33 தடவையில் 20-ஓடு நின்றுவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். நடுவில் விட்ட ஒவ்வொரு நாளும் மிஞ்சிய கேன்சர் செல் வேகமாகப் பெருகுகிறது. தலை, கழுத்துப் புற்றில் இது பல காலமாகத் தெரிந்த சங்கதி. அந்த விஷயத்தில் டாக்டர் போட்ட அட்டவணைதான் கணக்கு, என் பதிலைக் காட்டி அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

நோயாளி திசுவிலும் இதே கதைதான். இம்யூனோதெரபிக்குப் பிடி-எல்1 (டி செல்லின் பிரேக்கை அழுத்தும் புரதம்) அளவு பார்க்கிறார்கள்: சாயம் ஏறிய கேன்சர் செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தக் கேன்சர் செல்லால் வகுத்து, நூறால் பெருக்குவது. குறைந்தது 100 கேன்சர் செல்லாவது இருக்க வேண்டும். வெட்டிய திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் விழ வேண்டும், 6 மணிக்குக் குறையாமலும் 72 மணியைத் தாண்டாமலும் ஊற வேண்டும். நோன்புப் பெருநாள் நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் மாலை எடுத்த திசு எத்தனை நாள் ஊறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சாயம் சரியாக ஏறாது, எண் குறையும், மருந்து கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமல் போகலாம். குழாய் கழுவப் போவதாகச் சொல்லும் சொந்தக்காரரிடம் இந்த ஒன்றை மட்டும் சொன்னால் போதும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று கேட்க வேண்டாம். கடைசியாக மைக்கோபிளாஸ்மா சோதனை எந்தத் தேதியில் நடந்தது, கதிர் அளவைக் கடைசியாக யார் சரிபார்த்தார், பெருநாள் விடுமுறையில் இன்குபேட்டரில் தண்ணீர் ஊற்றுவது யார் முறை என்று கேட்கட்டும். மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் அந்த லேபில் சேரலாம்.