வாசகர் கேள்வி – பதில்: வளாகத் தேர்வும் தனிமையும்

கேள்வி: பி.இ. இசிஇ கடைசி ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வில் ஒன்பது கம்பெனிகளுக்கு உட்கார்ந்தும் ஒன்றும் அமையவில்லை. அறையில் மற்ற மூவருக்கும் ஆஃபர் வந்துவிட்டது. அவர்கள் மெஸ்ஸுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் நான் சாப்பிடப் போகிறேன். இன்டர்வியூ என்றாலே வாய் உலர்ந்துபோகிறது.
– ஒரு மாணவர், கோவை

பதில்: தம்பி, முதலில் அந்த மெஸ் நேரத்தை மாற்றுங்கள். ஒதுங்கி இருப்பவருக்கு நாள் முழுக்க வாய்விட்டுப் பேச ஆளிருப்பதில்லை. பேசிப் பழகாத வாயோடு இன்டர்வியூவில் உட்கார்ந்தால் தடுமாற்றம் வரும்; தடுமாறியதும் இன்னும் ஒதுங்கத் தோன்றும். நீங்கள் தவிர்க்கும் அந்த மூவரும் அண்மையில் தேறியவர்கள். என்ன கேட்டார்கள், எங்கே மடக்கினார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. இன்றிரவே சேர்ந்து சாப்பிடப் போங்கள். “எனக்கு இன்னும் அமையலடா, வாரத்துல ரெண்டு நாள் அரை மணி நேரம் மாக் இன்டர்வியூ எடுக்கிறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஆஃபர் வராத இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பவராக உட்காரும்போதுதான் மற்றவர் பதிலில் எது நன்றாக இருக்கிறது, எது சலிப்பூட்டுகிறது என்பது பிடிபடும்.

அடுத்து, அந்த ஒன்பதையும் ஒரு நோட்டில் எழுதி, எந்தச் சுற்றில் வெளியே வந்தீர்கள் என்று குறியுங்கள். ‘எனக்கு எதுவுமே வராது’ என்ற எண்ணம் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காததால் வருவது. ஆப்டிடியூட் எனும் திறனறித் தேர்விலேயே நின்றிருந்தால் சதவீதம், விகிதம், காலமும் வேலையும், வேகமும் தூரமும் ஆகியவற்றைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகுங்கள். கணக்குத் தெரிந்தும் தோற்பவர்கள் அதிகம். ஒரே கேள்வியில் நான்கு நிமிடம் மாட்டிக்கொள்வதுதான் காரணம். ஒன்றரை நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்.

டெக்னிக்கல் சுற்றில் என்றால் ரெஸ்யூமைத் திறந்து ஒவ்வொரு வரியிலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாத வரியை எடுத்துவிடுங்கள். அழகுக்குப் போட்ட ‘பைத்தான்’ என்ற ஒரு சொல்லே ஆளைக் கவிழ்த்துவிடும். புராஜெக்ட்டை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள்: என்ன பிரச்சினை, எந்தச் சென்சார், ஏன் அது, நீங்கள் தனியாகச் செய்த பகுதி எது.

எச்.ஆர். சுற்றில் பலர் செய்வது, செல்ஃப் இன்ட்ரோவை வரிக்கு வரி மனப்பாடம் செய்வது. ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். நான்கு குறிப்புகள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: படிப்பு, செய்த ஒரு வேலை, அதில் கற்றது, இந்தப் பணி ஏன். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வேண்டியது தெளிவான பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். கருத்தையும் ஆங்கிலச் சொல்லையும் ஒரே நேரத்தில் தேடினால்தான் நாக்கு ஒட்டுகிறது. போனில் பதிவுசெய்து கேளுங்கள், 60 முதல் 90 வினாடி போதும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்வதில் தவறே இல்லை.

படபடப்புக்கு: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்று இறங்கும். ஆனால் இதை ஒரு வாரம் முன்பே தினமும் ஐந்து நிமிடம் பழக வேண்டும். இன்டர்வியூ அறை வாசலில் முதன்முறையாகச் செய்தால் பயன் குறைவு.

படிப்பு முடியும்வரை அமையாவிட்டாலும் வழி இருக்கிறது. மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸின் (NATS) இணையதளத்தில் பதிவுசெய்தால் உதவித்தொகையோடு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வேலைக்கு அது உத்தரவாதம் தராது, ஆனால் ரெஸ்யூமில் ஓர் ஆண்டு அனுபவம் ஏறும். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் வேலை முகாம்களையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகள் மதுரையில் தங்கி எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “வேலை என்னம்மா ஆச்சு?” என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். ஊருக்கும் வருவதில்லை.
– ஒரு தாய், பட்டுக்கோட்டை

பதில்: அந்தக் கேள்விக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்; ஞாயிறு மாலை என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் வேலைப் பேச்சே வேண்டாம். என்ன சாப்பிட்டாய், யாரோடு போனாய் என்று கேளுங்கள், வீட்டுச் செய்தி சொல்லுங்கள். போன் வந்தாலே பயம் என்பது போனால்தான் அவள் மனம்விட்டுப் பேசுவாள். சொந்தக்காரர்களின் விசாரிப்பை நீங்களே தாங்கிக்கொள்ளுங்கள், அவள் காதுவரை போக வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், வகுப்புக்கே போகாமல் இருந்தால், கல்லூரி ஆலோசகரையோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம். ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அந்த எண்ணை அழையுங்கள், அவளோடு இருக்கும் தோழியைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள், நீங்கள் பஸ் ஏறுங்கள்.

கேள்வி: வாட்ஸப்பில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. லேப்டாப்புக்கு 3,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு பட்டதாரி, விழுப்புரம்

பதில்: கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் முன்பணம் கேட்பதில்லை. யாரிடமும் கலந்து பேசாமல் தனியாகத் தவிப்பவர்களைத்தான் இந்தக் கும்பல்கள் குறிவைக்கின்றன. ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.