பாட்டிலில் வந்த நீல வட்டு

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் சுற்றுலா போயிருந்தோம். அரிச்சல்முனையில் கரை ஒதுங்கிக் கிடந்த ஒன்றை ஒரு பையன் தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்து வந்துவிட்டான். ஒரு ரூபாய்க் காசு அளவு, நல்ல நீலம், சுற்றிலும் நூல் நூலாக இருந்தது. கோத்தகிரி வந்து பார்த்தால் நூலெல்லாம் போய் வெள்ளையாக ஒரு வட்டு மட்டும் மிதக்கிறது. இது ஜெல்லி மீனா? அடுத்த வருடமும் போகிறோம். எது என்ன வகை என்று பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?
— ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: டீச்சர், அந்த வட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெட்டிய மரத்தில் தெரிவது போல ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் காற்று அடைத்த அறை. கரப்பான்பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் இதிலும் இருக்கிறது. அதனால்தான் சதை கரைந்தும் வட்டு நின்றது. பெயர் போர்பிட்டா. ஜெல்லி மீனுக்கு உறவுதான், ஆனால் அசல் ஜெல்லி மீன் இல்லை. ஒற்றை உயிர்போலத் தெரிந்தாலும் கூட்டுக் குடும்பம்: ஒரு பகுதி தின்னும், ஒரு பகுதி இனம் பெருக்கும், ஓரத்து நூல்கள் இரை பிடிக்கும். நீந்தத் தெரியாது, காற்று தள்ளிய பக்கம் போகும். பாட்டிலில் இருந்தது குடிதண்ணீர் என்றால் மதுரை தாண்டுவதற்குள்ளேயே நூல்கள் போயிருக்கும்.

சிரிக்கவில்லை, நானும் இதைச் செய்தவன்தான். விலங்கியல் படித்த காலத்தில் பாம்பனில் கிடைத்த தட்டு அளவு ஜெல்லி மீனை ஸ்பிரிட்டில் போட்டு, பெருமையாகக் குன்னூருக்குக் கொண்டுவந்தேன். ஜாடியைத் திறந்தால் பிழிந்து போட்ட கைக்குட்டை! உடம்பில் 95 சதவீதம் தண்ணீராக இருப்பதை ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்காமல் என்ன செய்யும்? கடல்தண்ணீரில் கலந்த ஃபார்மலினில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், போட்டோ போதும்.

பாம்பன் பக்கத்தில் ஜெல்லி மீனைச் ‘சொறி’ என்பார்கள். பட்டால் என்ன ஆகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. அடையாளம் காண நிறத்தை நம்பாதீர்கள், ஒரே இனம் வெளுத்தும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பில் கடல்தண்ணீர் எடுத்து, நீளக் கைப்பிடி வலையால் அள்ளி விடுங்கள். மணலில் கிடந்தால் வெறும் கொழகொழ, தண்ணீரில் விட்டால்தான் உருவம் விரியும். பிறகு குடை போல விரிந்த உடம்பின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள்.

ஓரத்தில் நூலே இல்லாமல், அடியில் எட்டுக் கைகள் ஊட்டி காலிஃபிளவர் மாதிரி சுருண்டு தடித்திருந்தால் கிராம்பியோனெல்லா போன்ற வகை. நம் கிழக்குக் கரையில் கூட்டம் கூட்டமாக வருவது. இதற்கு ஒற்றை வாய் கிடையாது, கைகள் முழுக்கப் பொடிப்பொடி வாய்கள். (இந்த ஒன்றைச் சொன்னால் போதும், பிள்ளைகள் பஸ்ஸில் வேறு எதுவும் பேசமாட்டார்கள்.) கண்ணாடிக் குடை வழியே நான்கு குதிரைலாடம் தெரிந்தால் ஆரேலியா. அந்த லாடங்கள் இனப்பெருக்க உறுப்புகள். ஓரத்தில் நீள நூல்கள், நடுவில் ரிப்பன் போல நெளியும் நான்கு கைகள், குடையில் பெரும்பாலும் பழுப்புக் கோடுகள் என்றால் கிரைசோரா, நன்றாகக் கொட்டும். குடை உருண்டையாக இல்லாமல் பெட்டி போல நான்கு மூலையோடு, மூலைகளிலிருந்து மட்டும் நூல் தொங்கினால் வேடிக்கை பார்க்க வேண்டாம், பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். பெட்டிச் சொறிகளில் உயிரை எடுப்பவையும் உண்டு.

இன்னொன்று, ஊதிய நீல பலூன் மாதிரி மிதக்கும் ஃபைசாலியா. இதுவும் போர்பிட்டா போலக் கூட்டுக் குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. பலூன் கையளவு, நூல் பல மீட்டர். மணலில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டும் செல்லுக்குள் விஷமுள் சுருட்டி வைத்த ஸ்பிரிங் போல இருக்கிறது. தொட்டால் பாயும், உயிர் இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, குடிதண்ணீர் ஊற்றக் கூடாது. கடல்தண்ணீரால் அலசி, ஒட்டிய நூலை இடுக்கியால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைக்கலாம். மூச்சு வாங்கினால் நேராக ஆஸ்பத்திரி.

மேலே படிக்க ஆசை என்றால், சென்னைக் கடற்கரைச் சொறிகளை விலங்கியலாளர் எம்.ஜி.கே. மேனன் 1930-லேயே விவரித்திருக்கிறார். மதராஸ் அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடு. பெயர்கள் சில மாறிவிட்டன, ஆனால் கண்ணால் பார்த்து எழுதியது.

கேள்வி: ஊட்டி ஏரியில் ஜெல்லி மீன் உண்டா?
— கல்லூரி மாணவர், உதகை

பதில்: தம்பி, நான் பார்த்ததில்லை. ஆனால் கேள்வி அசட்டுத்தனமானது இல்லை. நன்னீரிலும் ஜெல்லி மீன் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில், மகாராஷ்டிர ஆறுகளில், எஸ்.பி. அகார்கர் என்ற தாவரவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தார். அதுவரை அந்த வகை ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். ஏரியோரம் கொழகொழவென்று கறுப்புப் புள்ளிகளோடு எதையாவது பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், அது தவளை முட்டை.

ஜெல்லி மீனின் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டுமா? தெளிந்த குட்டையிலிருந்து ஒரு பிடி பாசியை அதே தண்ணீரோடு கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜன்னலோரம் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் லென்ஸ் வைத்துக் கண்ணாடிச் சுவரைத் தேடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் சில மில்லிமீட்டர் நீளத்தில் பிசிர் விட்ட நூல்துண்டு போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஹைட்ரா. போர்பிட்டாவுக்கு இருக்கும் அதே கொட்டும் செல்கள் இதற்கும் உண்டு, நம் தோலுக்கு உறைக்காது. ஊசி முனையால் லேசாகத் தொடுங்கள். சட்டென்று சுருங்கிக் கடுகுக்கும் சிறியதாகிவிடும். மறுபடி நீள சில நிமிடம் ஆகும், ஜாடியை ஆட்டாமல் இருங்கள்.