வாசகர் கேள்வி – பதில்: வெண்கொக்குக் குங்ஃபூ

கேள்வி: நாலு வருடமாகக் கோஜு-ரியூ கராட்டே பழகுகிறேன். சீனத்து வெண்கொக்குப் பாணியின் சான்ஜான் என்ற அடிப்படைப் பயிற்சி வரிசையும் எங்கள் சான்சினும் ஒன்றுதானா? வீட்டு மாபிள் தரையில் சான்ஜான் செய்து பார்த்தேன். முழங்காலின் உட்பக்கம் நோகிறது.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேர் ஒன்று, வளர்ந்த விதம் வேறு. இரு பெயர்களுக்கும் சீன எழுத்துகள்கூட ஒன்றே; பொருள் 'மூன்று போர்'. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த ஹிகாவோன்னா கன்ரியோ (1853–1915) தென்சீனத்தின் பூஜோ நகரில் பழகிவந்ததை வைத்துத்தான் அவருடைய மாணவர் மியாகி சோஜுன் (1888–1953) கோஜு-ரியூவை அமைத்தார். உங்கள் சான்சினில் முஷ்டி மூடியிருக்கும், உடம்பு முழுக்க இறுகும். வெண்கொக்கில் கை பெரும்பாலும் விரிந்தே இருக்கும். அடி போய்ச் சேரும் கணத்தில் மட்டும் உடல் இறுகி, உடனே தளரும். கராட்டே பழகியவர்களுக்குக் கஷ்டம் இந்தத் தளர்வில்தான்.

முழங்காலுக்கு வருவோம். முன்பாத விரல்களை அளவுக்கு மீறி உள்ளே திருப்பியிருப்பீர்கள். வியர்த்த வெறுங்கால் மாபிளில் ஒட்டிக்கொள்ளும். இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்கும். பாதங்களைத் தோளகலத்தில் வையுங்கள். முன்காலின் குதி, பின்காலின் பெருவிரல் நுனிக்கு நேரே வரட்டும். முன்பாதம் சற்றே உள்நோக்கினால் போதும். முழங்கால் அதே பாதம் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். எடை இரு கால்களிலும் சரிபாதி. அடி வைக்கும்போது பின்கால் மற்றக் காலை ஒட்டி வளைந்து வந்து முன்னே போகட்டும். முழங்கை விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரம். தோள் உயர்ந்தால் கையில் பலம் இராது.

நோவு அடங்கும்வரை அடி வைக்க வேண்டாம். பிறகு இந்த நிலையில் ஒரு நிமிடம் நின்று, ஓய்வெடுத்து, மூன்று தடவை செய்யுங்கள். இரண்டு கிழமை இதுவே போதும். கடற்கரை மணலும் உதவாது, கால் புதைந்து கோணம் கெடும். காலிமுகத் திடலின் புல் நல்லது. வீங்கினாலோ மடக்க முடியாமல் சிக்கினாலோ வைத்தியரிடம் போங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி உடம்பை இறுக்கவே கூடாது.

கேள்வி: கொக்கு என்றால் ஒற்றைக்காலில் நிற்பதுதானே முக்கியம்?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: படச் சுவரொட்டிக்கு அது அழகு. பாணியின் உயிர் உதறலில் இருக்கிறது. மழையில் நனைந்த கோழி இறகை உதறுவதைப் பாருங்கள்: உடம்பு முதலில், சிறகு பிறகு. அதேபோல் குதியில் தொடங்கிய அசைவு இடுப்பால் ஏறி முதுகைக் கடந்து விரல் நுனியில் வெடிக்க வேண்டும். புதியவர்கள் தோளை மட்டும் குலுக்குவார்கள். மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். பறக்கும் கொக்கு, கூவும் கொக்கு, உறங்கும் கொக்கு, உண்ணும் கொக்கு என்று கிளைகள் உண்டு. தென்சீனத்தின் யோங்சுன் ஊரோடு சேர்த்துப் பேசப்படும் ஃபாங் ச்சிநியாங் என்ற பெண்தான் இதைத் தொடக்கினார் என்பது மரபுக்கதை. கதையானாலும், ஒரு பெண்ணின் பெயரில் நிற்கும் பாணி என்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: மகனுக்குப் 10 வயது. 'கொக்கு அலகு' அடிக்காக மணல்பையில் விரல் நுனியைக் குத்தலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். அந்த வயதில் விரல் எலும்பு வளர்ந்து முடிவதில்லை. வளரும் பகுதி அடிபட்டால் விரல் கோணலாகலாம். ஐந்து விரல் நுனிகளையும் ஒன்றுகூட்டி, மணிக்கட்டை மடக்கி, காற்றில் பழகட்டும். அடிக்கத்தான் வேண்டுமென்றால் உள்ளங்கையால், மெத்தென்ற பையில்.