கணினி கேள்வி–பதில்: விண்டோஸில் எதை அணைப்பது, எதை விடுவது?

கேள்வி: என் புதிய கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. எந்தச் செயலியையும் திறக்காமல் விட்டுவைத்தாலும் இணையப் பரிமாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. அது என்னை வேவு பார்க்கிறதா? எவற்றை நிறுத்தலாம்?

பதில்: முதலில் யார் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தால், அதன் நெட்வொர்க் பக்கத்தில் எந்த நிரல் எந்த முகவரியுடன் எவ்வளவு தரவைப் பரிமாறுகிறது என்பது வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் அங்கே முதலிடத்தில் நிற்பது புதுப்பிப்புகளை இறக்கும் சேவையோ, கோப்புகளை மேகச் சேமிப்புக்கு ஏற்றும் ஒன்டிரைவோதான். இவற்றைத் தவிர, கடிகார நேரத்தைச் சரிபார்ப்பது, வைரஸ் தடுப்புப் பட்டியலைப் புதுப்பிப்பது, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய மைக்ரோசாஃப்ட் முகவரி ஒன்றிலிருந்து மிகச் சிறிய கோப்பைக் கேட்டுப் பார்ப்பது போன்ற வேலைகளும் ஓசையின்றி நடக்கின்றன. இவற்றில் கைவைக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதை முடக்கிவிட்டு, இணையம் நன்றாக இருக்கும்போதே ‘இணைப்பு இல்லை’ என்று திரை காட்டுவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

நிறுத்த வேண்டியவை வேறு. செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘ஜெனரல்’ என்றோ, அண்மைப் பதிப்புகளில் ‘ரெக்கமெண்டேஷன்ஸ் அண்ட் ஆஃபர்ஸ்’ என்றோ ஒரு பக்கம் இருக்கும். செயலிகள் உங்களை அடையாளம் கண்டு விளம்பரம் காட்டப் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணை அங்கேயே அணைத்துவிடலாம். விளம்பரங்கள் குறையா என்றாலும், உங்கள் பழக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவையாக அவை இரா. தேடல் தொடர்பான பக்கத்தில் தேடல் பெட்டியில் அன்றாடச் செய்திகளையும் படங்களையும் காட்டும் ‘சர்ச் ஹைலைட்ஸ்’, உங்கள் மேகச் சேமிப்பிலும் தேடும் ‘கிளவுட் கன்டென்ட் சர்ச்’ ஆகிய இரண்டையும் அணைக்கலாம். விண்டோஸ் அப்டேட்டின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்றொன்று உண்டு. ‘இணையத்தில் உள்ள பிற கணினிகளும்’ என்ற தெரிவு அங்கே இடப்பட்டிருந்தால், நீங்கள் இறக்கிய புதுப்பிப்பின் துண்டுகள் முன்பின் தெரியாதவர்களின் கணினிகளுக்கு உங்கள் இணைப்பின் வழியே அனுப்பப்படும். அளவு வைத்துக் கட்டணம் செலுத்துகிறவர்கள் இதை வீட்டுக்குள் இருக்கும் கணினிகளுடன் (உள்வலையமைப்புடன்) நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டுக்கு ‘கண்டறிதல் தரவு’ (டயக்னாஸ்டிக் டேட்டா) அனுப்புவதை முழுமையாக நிறுத்த முடியுமா? அதில் என்னதான் போகிறது?

பதில்: ஹோம், புரோ பதிப்புகளில் முழுமையாக நிறுத்த முடியாது; நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் உரிய பதிப்புகளில்தான் அதற்கு வழியுண்டு. நம்மிடம் இருப்பது கட்டாயத் தரவு, விருப்பத் தரவு என்ற இரண்டு நிலைகள். கட்டாயத் தரவில் கருவியின் விவரம், அதன் அமைப்புகள், அது ஒழுங்காக இயங்குகிறதா என்பவை அடங்கும். விருப்பத் தரவைத் திறந்துவிட்டால் நீங்கள் பார்க்கும் இணையதளங்கள், செயலிகளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பது, விரிவான பிழை அறிக்கைகள் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். பலர் கவனிக்காத ஓர் ஆபத்து அந்தப் பிழை அறிக்கையில்தான் இருக்கிறது: ஒரு செயலி முறிந்து விழும் நொடியில் கணினியின் நினைவகத்தில் இருந்தவை அறிக்கையுடன் போகலாம் என்பதால், அப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருந்த ஆவணத்தின் ஒரு பகுதியும் தற்செயலாக அதில் சேர வாய்ப்புண்டு, இதை மைக்ரோசாஃப்டே தன் விளக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. ஆகவே, ‘டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்’ பக்கத்தில் விருப்பத் தரவை அணைத்துவிடுங்கள். முன்பு அனுப்பியவற்றை நீக்கும் பொத்தானும் அதே பக்கத்தில் இருக்கிறது.

நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்களுக்கு டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் என்ற செயலி உண்டு. வட்டில் 1 ஜிபி வரை இடம் எடுத்துக்கொள்ளும் என்றாலும், அனுப்பப்படும் ஒவ்வொரு பதிவையும் அப்படியே காட்டும். சாதாரணப் பயனருக்கு அது புரியும்படி இருக்காது என்பது வேறு விஷயம்.

இந்த அளவுக்கேனும் கட்டுப்பாடு நம் கைக்கு வந்தது தானாக நடந்ததல்ல. 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது எழுந்த கண்டனங்களைத் தொடர்ந்து, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சினில் (CNIL), அளவுக்கு மீறித் தரவு சேகரிக்கப்படுவதாகக் கூறி 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டுக்கு அறிவிக்கை அனுப்பியது. அன்று ‘அடிப்படை’ எனப்பட்ட, இன்றைய கட்டாயத் தரவுக்கு இணையான நிலையில் சேகரிக்கப்படும் தரவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்ட பிறகே, 2017இல் அந்த நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது.

கேள்வி: இவை எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் முடக்கும் இலவசக் கருவி ஒன்றை நண்பர் பரிந்துரைக்கிறார். பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தகைய கருவிகளில் நேர்மையானவையும் உள்ளன. ஆனால் நிர்வாகி உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையெதை மாற்றின என்பதை அவை தெளிவாகச் சொல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து ஸ்டோர் திறக்கவில்லை, புதுப்பிப்பு நிறுவப்படவில்லை என்று நீங்கள் தவிக்கும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க வழியிருக்காது. சில கருவிகள், எந்த இணையப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்ட் முகவரிகளைத் தடுத்து எழுதுகின்றன. 2020 முதல் விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதையே அச்சுறுத்தலாகக் கருதி எச்சரிக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பையும், ஆபத்தான தளங்களையும் கோப்புகளையும் பற்றி எச்சரிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனையும் சேர்த்து முடக்கும் கருவி, ஒரு நிறுவனத்தின் கண்ணுக்குத் திரை போட்டுவிட்டுத் திருடர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. நான் மேலே சொன்னவற்றைக் கையால் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும்.

கேள்வி: ஒன்டிரைவ் காப்புநகலை நிறுத்தியவுடன் டாக்குமென்ட்ஸ் கோப்புறை காலியாகிவிட்டது. கோப்புகள் போய்விட்டனவா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. காப்புநகலைத் தொடங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் முதலிய கோப்புறைகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இடம் மாற்றப்படுகின்றன; நிறுத்தும்போது, நீங்கள் வேறு தெரிவைத் தேர்ந்தெடுத்தாலொழிய, கோப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. உங்கள் பயனர் பெயருள்ள கோப்புறையில் ஒன்டிரைவைத் திறந்து, உள்ளே இருக்கும் டாக்குமென்ட்ஸிலிருந்து பழைய இடத்துக்கு நகலெடுங்கள். மேகக் குறி மட்டும் தெரியும் கோப்புகள் இன்னும் கணினிக்கு இறங்காதவை. அவற்றை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததைச் சரிபார்க்கும் முன் ஒன்டிரைவில் எதையும் அழிக்காதீர்கள், ஏனெனில் அங்கே அழிப்பது இரு இடத்திலும் அழியும்.

கேள்வி: செயலிகளுக்குக் கேமரா அனுமதியை ஒவ்வொன்றாக மறுத்தேன். ஆனாலும் ஒரு மென்பொருள் கேமராவை இயக்குகிறது. ஏன்?

பதில்: ஒவ்வொன்றாக அனுமதிக்கும் அந்தப் பட்டியல் ஸ்டோர் செயலிகளுக்கு உரியது. இணையத்திலிருந்து நேரடியாக நிறுவியவற்றுக்குப் பக்கத்தின் அடியில் பொதுவான ஒரே நிலைமாற்றிதான் இருக்கிறது. அதை அணைத்தால் பெரும்பாலும் அவை அனைத்துக்கும் சேர்த்து நிற்கும். அங்கேயே எந்த மென்பொருள் கடைசியாக எப்போது கேமராவைப் பயன்படுத்தியது என்பதும் தெரியும்.

கேள்வி: இருப்பிட வசதியை அணைத்த பிறகும் சில இணையதளங்கள் என் ஊரைச் சொல்கின்றனவே?

பதில்: இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை வைத்து ஊகிக்கின்றன. இயங்குதள அமைப்புகளால் அதைத் தடுக்க முடியாது. உங்கள் இணைப்பைத் தன் கணினிகளின் வழியே செலுத்தும் விபிஎன் சேவையைப் பயன்படுத்தினால் உங்கள் முகவரிக்குப் பதில் அந்தச் சேவையின் முகவரியே அவற்றுக்குத் தெரியும்.