இரும்புக் கட்டில், பீரோ, நாற்காலிகளைத் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி? அவற்றை வடிவமைக்க ஆட்டோகேட் கற்பதை எங்கே தொடங்குவது?

கடலோர வீட்டில் இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்கின்றன என்பது உங்கள் முதல் கேள்வி. அதே சாமான்களைச் செய்யும் தொழிலுக்கு வர நினைப்பதால் கணினியில் வரையக் கற்க வேண்டும் என்பது இரண்டாவது. தூத்துக்குடியில் கட்டில், மேசை, கிரில் செய்யும் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்கு இவை இரண்டு கேள்விகளாகத் தெரியவில்லை. ஒரு மேசையில் துரு எங்கே வரும் என்பது பெரும்பாலும் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் உங்கள் பீரோவைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கதவின் நடுப்பகுதி பளபளவென்றே இருக்கும். கால்களிலும், கீழ்த்தட்டின் மடிப்பிலும், வெல்டிங் செய்த மூலைகளிலும் பெயின்ட் உப்பி நிற்கும். தரை துடைக்கும் தண்ணீர் அங்கேதான் ஏறித் தங்குகிறது. அந்தத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு அதை விரைவுபடுத்துகிறது. ஆகவே பராமரிப்பில் முக்கால்வாசி, ஈரம் தங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், துடைத்த பிறகு காலடியை உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றியெடுங்கள்.

உப்பிய இடத்தைச் சரிசெய்ய, பெயின்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடம்வரை சுரண்டி எடுக்க வேண்டும். மேலே பூசி மறைத்தால் உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். கம்பி பிரஷ் போட்டு, பிறகு 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். பழைய பெயின்டின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிபோல் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பூசிவிடுங்கள். கடற்காற்றில் ஓர் இரவு வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். ரெட் ஆக்சைடு அடித்ததோடு வேலை முடிந்தது என்று பலரும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது அடிப்பூச்சு மட்டுமே, ஈரத்தை முழுமையாகத் தடுக்காது. அதன்மேல் எனாமல் பெயின்ட் மெல்லியதாக இரண்டு முறை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பவுடர் கோட்டிங் செய்த நாற்காலி என்றால் கதை வேறு. அந்தப் பூச்சை 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். வீட்டில் அதைத் திரும்பச் செய்ய முடியாது. சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். எங்காவது பெயர்ந்துவிட்டால் உடனே அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பெயின்ட் தொட்டு வையுங்கள். இல்லையென்றால் ஈரம் பூச்சின் அடியிலேயே ஊர்ந்து போகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடற்கரையில் கறைபடும். கடைக்காரர் காந்தத்தை வைத்து, ‘ஒட்டவில்லை பாருங்கள், நல்ல ரகமான 304தான்’ என்பார். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. கடலைப் பார்த்த பால்கனிக்கு மாலிப்டினம் சேர்த்த 316 இன்னும் தாங்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். எதுவானாலும் இரும்பு நாரால் தேய்க்காதீர்கள்; அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும்.

இனி வரைபடம். ஆட்டோகேட் 1982இல் வந்த வரைபட மென்பொருள். இன்றும் பட்டறைகளில் புழங்குவது அதுதான். மாணவராக இருந்தால் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைக்கும். இல்லையென்றால் லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டும் யாருக்கும் இலவசம். அடிப்படை கற்க லிப்ரேகேடே தாராளம். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் காணொளிகளோடு தொடங்காதீர்கள். வீட்டிலுள்ள மேசை ஒன்றை டேப் வைத்து அளந்து, தாளில் கையால் வரைந்து, பிறகு கணினியில் ஏற்றுங்கள்.

உதாரணத்துக்கு 600க்கு 400 மி.மீ. பலகை, 750 உயரம், 25 மி.மீ. சதுரப் பைப்பில் ஒரு மேசை என்று வைத்துக்கொள்வோம். அலகை மில்லிமீட்டராக மாற்றி, உண்மை அளவிலேயே வரையுங்கள். தாளுக்கேற்பச் சுருக்குவது அச்செடுக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது. ரெக்டாங்கிள் கட்டளையில் ஒரு மூலையைக் கிளிக் செய்து @600,400 என்று அடித்தால் மேல்சட்டம் வந்துவிடும். அதே வடிவை இணையாக உள்ளே வரையும் ஆஃப்செட் கட்டளையில் 25 கொடுத்தால் பைப்பின் அகலம் உள்ளே விழும். இப்போது மூலையைப் பாருங்கள். 600 நீளத் துண்டு முழுதாக ஓடி, குறுக்குத் துண்டு நடுவில் அடங்குகிறதா? அப்படியானால் குறுக்குத் துண்டு 350, நீளத் துண்டின் இரு முனைகளும் திறந்த வாய். அந்த வாய் வழியே ஈரம் போய்ப் பைப் உள்ளிருந்து அரிக்கும். மூடித் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்க வேண்டும். வெளியில் போடும் மேசையில் தண்ணீர் உள்ளே போக வாய்ப்பிருந்தால் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளையும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

முன்தோற்றம் வரையும்போது காலின் நீளம் 750 இல்லை என்பது தெரியும். பலகை 18, சட்டம் 25, புஷ் 5 கழித்தால் 702. நான்கு கால், சட்டத்தின் நான்கு துண்டுகள் எல்லாம் சேர்த்து 4,708 மி.மீ. ஆகிறது. 6 மீட்டர் பைப் ஒன்றில் இவ்வளவும் அடங்கி, பக்கத்துக்கு ஒன்றாக, கால்களைக் கீழே இணைக்கும் குறுக்குப் பைப்புக்கும் 350இல் இரண்டு துண்டு கிடைக்கும். எந்த நீளத்தில் எத்தனை துண்டு என்று சொல்லும் வெட்டுப் பட்டியல் இப்படித்தான் பிறக்கிறது.

ஆட்டோகேடில் எஃப்8 விசை கோட்டை நேராக வைக்கும், எஃப்3 முனைகளைக் கச்சிதமாகப் பிடிக்கும். இடமிருந்து வலமாகத் தேர்ந்தெடுத்தால் கட்டத்துக்குள் முழுதாக அடங்கியவை மட்டும் சிக்கும். வலமிருந்து இடமாக இழுத்தால் தொட்டவை எல்லாம் சிக்கும். வரைந்ததை நீட்டும் ஸ்ட்ரெச் கட்டளைக்கு இரண்டாவது முறைதான் வேண்டும். வாடிக்கையாளர் மேசை 750 நீளம் வேண்டும் என்று மனம் மாறும்போது அதன் அருமை தெரியும். அளவு எண்ணைக் கையால் மாற்றி அடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கோடு ஒன்று சொல்லும், எண் ஒன்று சொல்லும், வெட்டுபவர் எதை நம்புவார்? லேசர் வெட்டுக்குக் கோப்பு அனுப்பும் முன் ஓவர்கில் கட்டளை கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கோடுகளை நீக்குங்கள்.

வகுப்பில் சேர்வதானால், கட்டட வரைபடம் நடத்துகிறார்களா, இயந்திர வரைபடமா என்று முதலில் கேளுங்கள். நம் நாட்டில் முதற்கோண முறை வழக்கம், மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். அமெரிக்கக் காணொளிகளில் அது மேலே இருக்கும். முறையாகப் படிக்க நேரமிருந்தால் ஐடிஐயில் இயந்திர வரைவாளர் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு; பட்டறைக்காரர்கள் அதை மதிக்கிறார்கள்.