தபாலில் வந்த வைத்தியம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் கடிதத்திலேயே வைத்தியம் பார்த்தார் என்று போன வாரம் இரண்டு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் மருத்துவன் இல்லை, பழைய மருத்துவக் கடிதங்களைப் படிக்கும் ஆசை பிடித்தவன். தெரிந்தவரை சொல்கிறேன்.

கல்லன் யார்? எத்தனை கடிதங்கள் இருக்கின்றன? (கல்லூரி மாணவி)

1710இல் ஹாமில்டனில் பிறந்தவர். கிளாஸ்கோவில் பாடம் நடத்திவிட்டு 1755இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார், 1790இல் இறந்தார். நரம்பு சார்ந்த கோளாறுகளைக் குறிக்க ‘நியூரோசிஸ்’ என்ற சொல்லை மருத்துவத்துக்குக் கொடுத்தவர் இவர்தான், இன்றைய பொருள் வேறு என்றாலும். அவருடைய மருத்துவக் கடிதங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் எடின்பரோ ராயல் மருத்துவர் கல்லூரியில் உள்ளன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள், இலவசமாகவே படிக்கலாம். பொதுவாக ஒரு மருத்துவருக்கு வந்த கடிதங்கள்தான் மிஞ்சும். இங்கே அவர் எழுதிய பதில்களும் கிடைத்திருப்பதுதான் அதிசயம்.

நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படி வைத்தியம்? ஏமாற்று வேலை இல்லையா? (திருச்சி செவிலியர்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் காலத்து மருத்துவர் நேரில் வந்தால் மட்டும் என்ன செய்தார்? ஸ்டெதஸ்கோப்பை லென்னெக் உருவாக்கியது 1816இல். நெஞ்சை விரலால் தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் அவுன்புருகர் 1761இலேயே எழுதி வைத்தார், பல வருடங்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ரத்த அழுத்தம் அளக்கும் கருவி கிடையாது, பையில் தெர்மாமீட்டரும் கிடையாது. நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பார். அப்புறம் உட்கார்ந்து கதை கேட்பார். எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டாய், தூக்கம் எப்படி, மனதில் என்ன கவலை. அந்தக் கதைதான் நோயறிதலில் பெரும்பங்கு.

கதை என்றால் அது கடிதத்திலும் வருமே! சொல்லப்போனால் நிதானமாக யோசித்து எழுதியதில் இன்னும் தெளிவாக வரும். நாடியும் நாக்கும்தான் குறை. அதை ஊரிலுள்ள சர்ஜனோ மருந்துக்கடைக்காரரோ பார்த்து எழுதி அனுப்புவார். கல்லனுக்கு வந்த கடிதங்களில் இப்படி உள்ளூர் வைத்தியர்கள் எழுதியவை ஏராளம். ஆகவே கடித வைத்தியத்தை அன்று யாரும் இரண்டாம் தரமாக நினைக்கவில்லை. உடம்பைத் திறந்து காட்டும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் கடிதத்தின் மதிப்பு இறங்கியது.

கடிதத்தில் எதை எழுத வேண்டும் என்று நோயாளிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? (மதுரை வாசகர்)

அதற்குச் சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டும். லோசான் நகரில் சாமுவேல் தீசோ என்று ஒரு மருத்துவர், அவருக்கும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஆயிரத்துக்கு மேல் இன்றும் அந்த ஊரில் பத்திரமாக இருக்கின்றன. 1761இல் அவர் சாதாரண மக்களுக்காக எழுதிய மருத்துவ நூலில் ஒரு கேள்விப்பட்டியலே கொடுத்திருக்கிறார். வயது என்ன? முன்பு ஆரோக்கியமாக இருந்தாரா? வாழ்க்கை முறை என்ன? எத்தனை நாளாக நோய்? காய்ச்சல், நாடி, பசி, தூக்கம், நாக்கு, சிறுநீர் எப்படி? பெண்களானால் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? குழந்தையானால் பல் முளைக்கிறதா, பூச்சித் தொல்லையா? இன்றைக்கு மருத்துவமனை வாசலில் நாம் நிரப்பும் படிவத்துக்கு இது பாட்டன் முறை.

அவர் அனுப்பிய பதில் நோயாளி வீட்டுக்குப் போயிருக்குமே, கல்லனிடம் எப்படி மிஞ்சியது? (ஓய்வுபெற்ற தபால்காரர்)

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் எழுத்தர்களை வைத்து நகல் எடுத்தார். 1781இலிருந்து இயந்திரம். நீராவி எந்திரத்துக்குப் பேர்போன அதே ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை வாங்கிய கடித நகல் அச்சு அது. இதற்கென்றே தயாரித்த மையில் கடிதத்தை எழுதி, மேலே மெல்லிய தாளை ஈரப்படுத்தி வைத்து அழுத்துவார்கள். மை கொஞ்சம் அந்தத் தாளில் ஊறும். எழுத்து இடவலம் மாறித்தான் விழும், ஆனால் தாள் அவ்வளவு மெல்லியது, பின்பக்கமாகத் திருப்பினால் நேராகப் படித்துவிடலாம். கார்பன் தாள் காலத்து ஆளான எனக்கே பொறாமையாக இருக்கிறது.

சரி, என்ன மருந்து எழுதினார்? யாராவது பிழைத்தார்களா? (சித்த மருத்துவ மாணவர்)

நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பத்தியம் அதிகம். என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, உடம்பை ஒட்டிக் கம்பளித்துணி போடு, தினமும் குதிரையில் போய் வா என்று பக்கம் பக்கமாக எழுதுவார். மருந்துக்கு மருந்துக்கடைக்காரர் புரிந்துகொள்ளும் சீட்டு தனி. சின்கோனா பட்டை, அபின், பேதி மருந்து, கொப்புளம் எழுப்பும் பத்து, ரத்தம் எடுத்தல் எல்லாம் உண்டு. சின்கோனா மலேரியாவுக்கு உண்மையிலேயே கேட்கும், அபின் வலியைக் குறைக்கும். ரத்தம் எடுத்ததைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்ல முடியாது.

ஒரு பிரபல நோயாளியின் கதை. 1784 மார்ச்சில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் லண்டனில் மூச்சிரைப்போடும் உடம்பில் நீர் கோத்தும் கிடந்தார். நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல் எடின்பரோவில் கல்லன் உட்பட மூன்று பெரிய மருத்துவர்களுக்கு எழுதி ஆலோசனை வாங்கினார். ஜான்சன் அப்போது நரிவெங்காய இனத்துக் கிழங்கு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார், நீரை வெளியேற்ற அதுதான் அன்றைய வழக்கம். அந்த வருடம் டிசம்பர் 13 அன்று காலமானார். கடிதத்தைக் குறை சொல்ல முடியாது. லண்டனில் பக்கத்திலிருந்து பார்த்த மருத்துவர்களாலும் முடியவில்லை.

பதில் வருவதற்குள் நோய் மாறிவிட்டால்? (இரு பிள்ளைகளின் தாய்)

மாறத்தான் செய்யும். அதனால்தான் ‘வயிறு இளகினால் இதை நிறுத்து, இறுகினால் அதைக் கொடு’ என்று கிளை கிளையாக எழுதினார்கள். இந்த வைத்தியம் பொருந்தியதும் மாதக்கணக்கில் இழுக்கும் நோய்களுக்குத்தான். இன்று காலை கடுங்காய்ச்சல் என்றால் பக்கத்துத் தெரு ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

கட்டணம்? ஏழைகளுக்கு? (கோவை வாசகர்)

மருத்துவருக்குக் கின்னிக் கணக்கில் கொடுப்பது மரபு, ஒரு கின்னிக்கு 21 ஷில்லிங். 1840இல் ஒரு பென்னி தபால் வரும்வரை பிரிட்டனில் கடிதத்துக்குத் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்துக் காசு, அதையும் பெரும்பாலும் வாங்குபவர்தான் கொடுப்பார். ஆக இது வசதியானவர்களின் வைத்தியம்.

எந்த மருத்துவராவது பதில் போடாமல் விட்டதுண்டா? (பெயர் வேண்டாம் என்றவர்)

உண்டு. 1787 ஏப்ரலில் கோர்சிகா தீவின் அஜாக்சியோவிலிருந்து 17 வயது பீரங்கிப்படை இளைஞன் ஒருவன் தீசோவுக்கு எழுதினான். பாட்டனார் முறை உறவினருக்குக் கவுட் என்கிற கால் மூட்டு வாதம், நடக்கவே முடியவில்லை, என்ன செய்யலாம் என்று. எங்கள் தலைவர் பாவோலியை உங்கள் நூலில் புகழ்ந்திருக்கிறீர்கள் என்று கொஞ்சம் ஐஸும் வைத்தான். சுவாரசியமில்லை, பதில் எழுதவில்லை என்று கடிதத்தின் மேல் குறித்துவிட்டு தீசோ ஓரமாக வைத்துவிட்டார்.

பையன் பெயர் நெப்போலியன்.