கனடாக்காரரை ஆராவது கண்டீங்களோ?

கேள்வி: கனகபுரத்தில் ஒரு கல்வீட்டை 65 லட்சத்துக்குப் பேசி, முற்றத்தில் தேத்தண்ணியும் குடிச்சிட்டம். இப்ப தரகர் பின்னேரம் பின்னேரம் வந்து, 'கனடாக்காரர் 5 லட்சம் கூடத் தாறாராம்' என்கிறார். ஏத்திக் கேட்கவா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ஏத்தாதேங்கோ, தங்கச்சி. வட்டக்கச்சியில் நான் வீடு பார்க்கேக்க எனக்கும் ஒரு 'சுவிஸ்காரர்' முளைச்சவர். இரண்டு தரம் விலை ஏத்தினன். கடைசிவரை ஆளைக் காணேல்லை!

தேத்தண்ணிப் பேச்சு சட்டத்தில் நிக்காது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கிற உடன்படிக்கையை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதி ஒப்பமிட வேணும். தரகரை விட்டிட்டு உரிமையாளரிட்ட நேரே போங்கோ. உறுதிக் காணியோ (சொந்த உறுதி எழுதினது), அனுமதிப்பத்திரக் காணியோ (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த அரச காணி) எண்டு முதல் கேளுங்கோ. அனுமதிப்பத்திரம் எண்டால், பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கனடாக்காரராலும் வாங்க ஏலாது.